டிக்கிக் கதவில் ஸ்பாய்லர்: துளையா, டேப்பா?

கேள்வி: என் ஹேட்ச்பேக் காருக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்த, கூரை விளிம்போடு ஒட்டி உட்காரும் ஸ்பாய்லர் (பின்பக்கக் காற்றோட்டத்தை ஒழுங்குபடுத்தும் பட்டை) ஒன்றை வாங்கியிருக்கிறேன். பெயிண்ட் அடிக்கப்படாதது. துளையிட்டு போல்ட் மாட்டினால்தான் நிற்கும் என்கிறார் கடைக்காரர். டபுள் சைட் டேப் போதும் என்கிறார் நண்பர். வீட்டிலேயே நானே பொருத்த முடியுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: முடியும். உங்களிடம் இருக்கும் வகைக்கு நண்பர் சொல்வதே சரி. அடிப்பகுதி முழுவதும் தகட்டின் மேல் படிந்து உட்காரும் ஸ்பாய்லருக்கு, கார் உதிரிபாகங்களை ஒட்டுவதற்கென்றே தயாரிக்கப்படும் அக்ரிலிக் நுரை டேப் போதுமானது. இரண்டு கால்களில் எழுந்து நிற்கும் இறக்கை வகையில் சுமை முழுவதும் அந்தக் கால்களின் சிறிய பரப்பில் இறங்குவதால் போல்ட் இல்லாமல் நிற்காது. அதை வீட்டில் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். டிக்கிக் கதவு இரண்டு தகடுகளை இணைத்துச் செய்யப்பட்டது. கண்ணாடியைச் சூடாக்கும் கம்பிக்கான வயர், பிரேக் விளக்கின் வயர், வைப்பருக்குத் தண்ணீர் கொண்டு செல்லும் குழாய் எல்லாம் அவற்றுக்கிடையில்தான் செல்கின்றன. இடம் தெரியாமல் டிரில் இறங்கினால் இவற்றில் ஏதாவது ஒன்று அறுபடும். அறுபடாவிட்டாலும், துளையின் வெட்டு விளிம்பில் பெயிண்ட் இல்லாத இரும்பு வெளியே தெரிவதால், இரண்டு மழைக்காலத்துக்குள் அங்கே துருப் பிடிக்கத் தொடங்கிவிடும்.

முதலில் டேப்பைப் பிரிக்காமல் ஸ்பாய்லரை அதன் இடத்தில் வெறுமனே வைத்துப் பாருங்கள். மேல் பிரேக் விளக்கு மறைகிறதா, வைப்பரின் தண்ணீர்த் துளை அடைபடுகிறதா, கதவை முழுவதும் உயர்த்தும்போது ஸ்பாய்லரின் முன்விளிம்பு கூரையிலோ ஆன்டெனாவிலோ இடிக்கிறதா என்று கவனியுங்கள். மூன்றாவதைப் பலர் மறந்துவிட்டு, முதல்முறை டிக்கியைத் திறக்கும்போது கூரையில் கீறல் போட்டுக்கொள்கிறார்கள். தகட்டுக்கும் ஸ்பாய்லருக்கும் இடையே எங்காவது டேப்பின் கனத்தை விட அதிகமான இடைவெளி தெரிந்தால் அந்த ஸ்பாய்லர் உங்கள் காருக்கு உரியது அன்று. கையால் அழுத்தி வளைத்து ஒட்டினால், மீண்டும் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்று வெயிலில் டேப்பைப் பிய்த்துக்கொண்டு எழும். பொருத்தம் சரியாக இருந்தால் கதவின் நடுப்புள்ளியை அளந்து, இருபுறமும் மாஸ்கிங் டேப்பால் எல்லை குறித்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் வேலையை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். காரின் நிறக் குறியீட்டைக் கொடுத்து, பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் அடித்துத் தரச் சொல்லுங்கள். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தவுடன் பெயிண்ட் காய்ந்துவிட்டது என்று பொருள் அன்று. சில நாள்கள் விட்டு, உள்வரை இறுகிய பிறகே டேப் ஒட்ட வேண்டும். காரின் டிக்கிக் கதவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எப்போதோ இடிபட்டுப் பட்டி பார்த்து மறுபெயிண்ட் அடித்த கதவாக இருந்தால், டேப் பிடித்துக்கொண்டு பெயிண்ட் பிரிந்து வரலாம். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை ஒட்டும் இடம் முழுவதும் நகர்த்திப் பாருங்கள்; கதவு இரும்புத் தகடாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் காந்தம் பிடிக்கவில்லை என்றால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது.

இந்த வேலையில் வெற்றியும் தோல்வியும் துடைப்பதில்தான் இருக்கிறது. டேப் பிடிக்கவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு மெழுகுப் பாலிஷோ செராமிக் கோட்டிங்கோ நீக்கப்படாமல் இருந்ததே காரணமாக இருக்கும். ஷாம்பு போட்டுக் கழுவி உலர்த்திய பின், மெழுகு நீக்கியால் ஒருமுறை துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கலவையால் மீண்டும் துடையுங்கள். ஒரு துணியால் ஈரமாகத் துடைத்து, அது தானாக உலர்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாக உலரவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் மீண்டும் படிந்துவிடும். அதன்பின் அந்த இடத்தை விரலால் தொடக் கூடாது. ஸ்பாய்லரின் அடிப்பகுதியையும் இதே முறையில் துடைக்க வேண்டும். ஒட்டுவதற்கு ஏற்ற வெப்பநிலை 21 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை. நம் ஊர் வெயிலில் நிற்கும் காரின் தகடு இதைத் தாண்டிக் கொதிக்கும் என்பதால், கோடையில் காலை வேளையில், நிழலில் வைத்துச் செய்யுங்கள். மழைநாளில் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும், அன்று வேண்டாம்.

டேப் எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அசையாமல் தாங்கும் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 55 சதுர சென்டிமீட்டர் டேப் வேண்டும். ஸ்பாய்லர் 1.5 கிலோ என்றால் சுமார் 83 சதுர சென்டிமீட்டர். 12 மில்லிமீட்டர் அகல டேப்பில் அது 70 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சமம். காற்றின் இழுப்பும் டிக்கியை அறைந்து மூடும் அதிர்வும் சேர்வதால், நான் இந்த அளவோடு நிறுத்த மாட்டேன். ஒட்டும் இடம் முழுவதும் முன்விளிம்பில் ஒரு வரிசையும் பின்விளிம்பில் ஒரு வரிசையுமாக ஒட்டுவேன். டேப்பின் மேல்தாளை இரு முனைகளிலும் சிறிதளவு மட்டும் உரித்து வெளிப்பக்கமாக மடித்துவிட்டு, உதவிக்கு ஒருவர் மறுமுனையைப் பிடிக்க, குறித்த எல்லைக்குள் ஸ்பாய்லரை வையுங்கள். இடம் சரி என்று உறுதியான பிறகு தாளை மெல்ல இழுத்துக்கொண்டே நடுவிலிருந்து முனைகளை நோக்கி அழுத்துங்கள். இந்த டேப் அழுத்தத்தால்தான் பிடிக்கும். ஒவ்வொரு அங்குலத்தையும் உடல் எடையைச் சாய்த்து அழுத்த வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில், ஒட்டிய 20 நிமிடத்தில் பாதிப் பலமும், 24 மணி நேரத்தில் 90 சதவீதமும், 72 மணி நேரத்தில் முழுப் பலமும் கிடைக்கும். ஆகவே முதல் இரவு மாஸ்கிங் டேப்பால் குறுக்கே கட்டி வையுங்கள். மூன்று நாள்களுக்குக் காரைக் கழுவாதீர்கள், நெடுஞ்சாலையில் விரட்டாதீர்கள்.

உடனடிப் பசையை நாட வேண்டாம். அது கெட்டியாக இறுகி, அதிர்வில் கண்ணாடிபோல் உடையும். வினிகர் வாடை வீசும் சிலிக்கான் பசை இரும்பை அரிக்கும். பிற்பாடு அந்த இடத்தில் பெயிண்டும் பிடிக்காது. போல்ட் தவிர்க்க முடியாத கிட்டாக இருந்தால், உட்புறப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வயர்களைப் பார்த்த பிறகு, 3 மில்லிமீட்டர் துளையில் தொடங்கிப் பெரிதாக்கி, வெட்டு விளிம்பில் துருத்தடுப்புப் பிரைமர் பூசி, ரப்பர் வாஷரோடு இறுக்குங்கள்.

கேள்வி: பழைய உரிமையாளர் ஒட்டிய ஸ்பாய்லர் ஒரு பக்கம் மட்டும் எழுந்து நிற்கிறது. அதன் கீழே பசை விட்டு அழுத்தினால் போதாதா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: போதாது. எழுந்த இடத்தில் தூசியும் எண்ணெயும் நுழைந்திருக்கும். எந்தப் பசையும் அதன் மேல் நிற்காது. ஹேர் டிரையரால் சூடேற்றி, தூண்டில் நரம்பை இடைவெளியில் நுழைத்து வாள்போல் இழுத்து அறுத்து எடுங்கள். மிச்சமுள்ள நுரையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்து, பசை நீக்கியால் சுத்தம் செய்து, புதிய டேப்பில் முதலிலிருந்து ஒட்டுங்கள். திருப்புளியால் நெம்பினால் பெயிண்ட் போய்விடும்.

கேள்வி: ஸ்பாய்லர் மாட்டினால் மைலேஜ் கூடும், கார் சாலையோடு ஒட்டி ஓடும் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 40 கிலோமீட்டரில் இருக்கும் விசை 120 கிலோமீட்டரில் ஒன்பது மடங்காகும். ஆகவே ஊருக்குள் ஓடும் காரில் இதன் பலன் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஹேட்ச்பேக்கின் கூரை திடீரென்று முடிவதால், பின்னால் காற்று சுழன்று அழுத்தம் குறைந்து காரைப் பின்னோக்கி இழுக்கிறது. கூரையைச் சற்று நீட்டி, காற்று ஒழுங்காகப் பிரிய வழி செய்வதே கூரை ஸ்பாய்லரின் வேலை. அந்த நீளமும் கோணமும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துத் தீர்மானிக்கப்படுபவை. கடையில் வாங்கும் பொதுவான வடிவம் இழுவையைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். உயர் வேகத்தில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆடி டிடி காரே சான்று: 1998-இல் விற்பனைக்கு வந்த அந்தக் கார்கள் ஜெர்மனியின் ஆட்டோபான் விரைவுச்சாலைகளில் கட்டுப்பாட்டை இழந்து விபத்துக்குள்ளானதை அடுத்து, அவற்றைத் திரும்ப அழைத்துப் பின் ஸ்பாய்லரும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும் பொருத்தினார்கள். நம் விரைவுச்சாலைகளில் உச்சவரம்பே 120 கிலோமீட்டர். எனவே அழகுக்காக மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு மாட்டுவதே நேர்மை.

கேள்வி: ஸ்பாய்லருக்குப் போலீசார் அபராதம் விதிக்க முடியுமா? இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா? (வாசகர், கரூர்)

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. மாற்றம் என்பதற்கு, அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாறுதல் என்று அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வகுத்தது. கூரை விளிம்போடு அமரும் சிறிய ஸ்பாய்லர், சான்றிதழில் உள்ள எந்த விவரத்தையும் மாற்றுவதில்லை என்பது என் கருத்து. கார் நிறுவனமே துணைப்பொருளாக விற்பதை, ரசீதோடு வாங்கினால் வாதத்துக்கே இடமிருக்காது. கூர்மையான முனைகளோடு பக்கவாட்டில் நீளும் இறக்கையும், பிரேக் விளக்கை மறைக்கும் எதுவும் வேறு கதை. இன்சூரன்ஸில், பாலிசியில் மின்சாரம் சாராத துணைப்பொருளாகக் குறிப்பிட்டால்தான் ஸ்பாய்லருக்கு இழப்பீடு கேட்க முடியும். புதிய காரில் துளையிட்டால், அந்த இடத்துத் துருவுக்கு வாரண்டி கேட்பதும் கடினம்.

கேள்வி: ஸ்பாய்லர் பொருத்திய பிறகு டிக்கிக் கதவு மேலே நிற்காமல் மெல்ல இறங்குகிறது. ஏன்? (வாசகர், ஓசூர்)

பதில்: கதவைத் தாங்கும் கேஸ் ஷாக்குகள், வெறும் கதவின் எடைக்கென்று அளவிடப்பட்டவை. ஸ்பாய்லர் கீலிலிருந்து தள்ளி எவ்வளவு பின்னால் நீள்கிறதோ அந்த அளவுக்கு அதன் எடை கூடுதலாக அழுத்தும். புதிய ஷாக்குகளே தாங்கக்கூடிய இந்தச் சுமையை, பல ஆண்டுகள் ஓடி வாயு கசிந்தவை தாங்காது. இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். மாற்றும்வரை திறந்த கதவின் கீழே தலையைக் கொடுக்காதீர்கள்.