கன்றுக்குச் சீம்பால் உயிர், பெரியவர்களுக்கு?

கேள்வி: எனக்கு 41 வயது. வருடத்தில் மூன்று முறை சளி பிடித்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஆறுவதற்குப் பத்து நாள் ஆகிறது. பசுவின் சீம்பாலில் இருந்து செய்த பவுடரை வாங்கிச் சாப்பிடச் சொல்கிறார் ஒரு நண்பர். டப்பாவில் ‘கன்றின் உயிரைக் காக்கும் இயற்கையான எதிர்ப்புச் சக்தி, எலிகளில் நிரூபிக்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறது. கன்றுக்கும் எலிக்கும் வேலை செய்தால் மனிதருக்கும் செய்யத்தானே வேண்டும்? வாங்கலாமா?

பதில்: சளிக்காக என்றால் வாங்க வேண்டாம். கன்றைப் பற்றி டப்பாவில் இருக்கும் வரி முழுக்க உண்மைதான். ஆனால் அந்த உண்மை கன்றின் உடம்போடு நின்றுவிடுகிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது புரிந்துவிட்டால், அடுத்து எந்த மருந்துக்கு ‘எலிகளில் நிரூபிக்கப்பட்டது’ என்று படித்தாலும் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிறந்து அரைமணி நேரமே ஆன கன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரம் காயவில்லை, எழுந்து நிற்கப் பார்க்கிறது, முன்னங்கால் மடங்கி மறுபடி விழுகிறது. இந்த நேரத்தில் அதன் கழுத்தில் இருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, உறையவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைச் சோதித்தால் அதில் எதிர்ப்பான்கள், அதாவது கிருமிகளை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதங்கள், ஏறக்குறைய இருக்காது. பக்கத்தில் நிற்கும் தாய்ப்பசுவின் ரத்தத்திலோ அவை ஏராளம். வாழ்நாளில் சந்தித்த கிருமிகளுக்கு எதிராக அது சேர்த்து வைத்த சொத்து அது. ஆனால் பசுவின் நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் இடையே பல அடுக்குத் திசுக்கள் இருக்கின்றன. எதிர்ப்பான் பெரிய புரதம், அந்த அடுக்குகளைத் தாண்டிப் போகாது. ஒன்பது மாதம் வயிற்றில் இருந்தும் கன்று வெறுங்கையோடுதான் வெளியே வருகிறது.

அந்தச் சொத்து மொத்தமும் சீம்பால் வழியாகத்தான் கைமாறுகிறது. புதிதாகப் பிறந்த கன்றின் குடல் செல்கள் எதிர்ப்பானைச் செரிக்காமல், உடைக்காமல், முழுசாக விழுங்கி ரத்தத்துக்கு அனுப்பிவிடும். முதல் சில மணி நேரம் இது வேகமாக நடக்கும், போகப்போகக் குறையும், சுமார் 24 மணி நேரத்தில் நின்றே போகும். அதற்கு அப்புறம் எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது உணவு மட்டும்தான். அதனால்தான் பண்ணைகளில் கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் மூன்று நான்கு லிட்டர் உள்ளே போய்விட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். சீம்பாலின் தரம் பார்ப்பதற்கு ஒரு சிறு குழாய்க் கருவி உண்டு. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் ஒரு கோடு தெரியும். கோடு 22-க்கு மேலே நின்றால் நல்ல சீம்பால். அடுத்த நாள் கன்றின் ரத்தத்தையும் பார்ப்பார்கள். லிட்டருக்கு 10 கிராமுக்குக் குறைவாக எதிர்ப்பான் இருந்தால் அந்தக் கன்றைக் கழிச்சலும் நிமோனியாவும் எளிதில் வீழ்த்திவிடும் என்று கூடுதல் கவனம் கொடுப்பார்கள். டப்பாக்காரர்கள் சொல்லும் ‘உயிரைக் காக்கும்’ என்பதன் முழு அர்த்தம் இதுதான்.

சரி, மனிதருக்கு வருவோம். நம் நஞ்சுக்கொடியில் எதிர்ப்பானைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அது மும்முரமாக வேலை செய்கிறது. நிறைமாதக் குழந்தை பிறக்கும்போது அதன் ரத்தத்தில் தாயின் எதிர்ப்பான்கள் தாய்க்கு இணையான அளவிலோ அதற்குக் கொஞ்சம் அதிகமாகவோ இருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று ஆபத்து கூடுவதற்கு இந்தக் கடைசி மாதங்களைத் தவறவிட்டதும் ஒரு காரணம். தாய்ப்பாலிலும் எதிர்ப்பான் உண்டு, அது அருமையான பாதுகாப்பு. ஆனால் அது வேறு வகை. குடலின் உள்சுவரில் தங்கி அங்கேயே காவல் காக்கும். ரத்தத்துக்குள் போவது மிகமிகச் சொற்பம்.

பிறந்த குழந்தைக்கே இப்படி என்றால், 41 வயது வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சாப்பிடும் எதிர்ப்பானை அமிலமும் நொதிகளும் மற்ற எந்தப் புரதத்தையும் போலத்தான் வெட்டிச் செரிக்கும். ஓரளவு தப்பிப் பிழைத்துக் குடல்வரை போகக்கூடும் என்பது உண்மை. அதைப் பயன்படுத்துகிற நல்ல ஆய்வுகளும் இருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு குடல் கிருமிக்கு எதிராகப் பசுவுக்குத் தடுப்பூசி போட்டு, அதன் சீம்பாலில் வரும் எதிர்ப்பானைக் குடலுக்குள்ளேயே வேலை செய்யவிடும் முயற்சி அது. உங்கள் சளி வைரஸ் இருப்பது மூக்கிலும் தொண்டையிலும். சாதாரணச் சீம்பால் பவுடர் அங்கே போய்ச் சேர வழியில்லை. விளையாட்டு வீரர்களிடம் சிறிய அளவில் செய்த சில சோதனைகளை விளம்பரங்களில் காட்டுவார்கள். அவற்றின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அதை நம்பி நான் யாரையும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்த எலி. 1892-இல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் ஓர் அழகான சோதனை செய்தார். ஒரு நஞ்சுக்கு எதிர்ப்பு பெற்ற தாய்ச் சுண்டெலியின் குட்டிகளையும் எதிர்ப்பு இல்லாத தாயின் குட்டிகளையும் இடம் மாற்றி வளர்த்தார். எதிர்ப்பு பெற்ற தாயிடம் பால் குடித்த குட்டிகள், அதன் சொந்தக் குட்டிகள் இல்லாவிட்டாலும், பாதுகாப்புப் பெற்றன. பால் வழியாக எதிர்ப்புச் சக்தி போகும் என்பதற்கு அது தெளிவான சான்று. ஆனால் சுண்டெலிக் குட்டியின் குடல் சுமார் மூன்று வாரம்வரை எதிர்ப்பானை ரத்தத்துக்குள் எடுத்துக்கொள்ளும். பிறப்பதற்கு முன்பும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆக, கன்றுக்கு ஒரு நாள், சுண்டெலிக்கு மூன்று வாரம், நமக்கு எல்லாமே பிறப்பதற்கு முன்பு. பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் தீர்க்க வேண்டிய பிரச்சினை ஒன்றுதான். தீர்த்த விதம் தனித்தனி.

இதைப் படித்துவிட்டு விலங்கு ஆய்வுகளே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்ப்பு மண்டலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. 1882-இல் இலியா மெச்னிகாஃப் என்ற ஆய்வாளர் நட்சத்திர மீனின் ஒளிபுகும் லார்வாவில் முள்ளைக் குத்தி வைத்து, மறுநாள் காலையில் செல்கள் ஓடிவந்து முள்ளைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்தார். கிருமியை விழுங்கும் நம் வெள்ளணுக்களின் கதை அங்கே தொடங்கியது. பழ ஈயில் பூஞ்சைத் தொற்றை எதிர்க்க உதவும் ஒரு மரபணுவைப் பற்றி 1996-இல் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு கண்டது, நம் உடம்பு கிருமியை முதல் பார்வையில் எப்படி அறிகிறது என்ற கேள்விக்குக் கதவைத் திறந்தது. சுண்டெலியின் டி செல்களில் (எதிர்ப்பு மண்டலத்தின் ஒருவகை வெள்ளணுக்கள்) இருக்கும் ஒரு ‘பிரேக்’கை விடுவித்தால் அவை புற்றைத் தாக்கும் என்று ஜேம்ஸ் அலிசன் 1996-இல் காட்டினார். அந்த வழியில் வந்த மருந்து 2011-இல் மனிதருக்கு அனுமதி பெற்றது.

இவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது கோழியின் கதை. கோழிக்கு ஆசனவாய்க்குப் பக்கத்தில் ‘பர்சா’ என்ற சிறு பை உண்டு. அது எதற்கு என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் குஞ்சுகளில் அதை வெட்டி எடுத்துப் பார்த்தார், கண்ணுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. எதிர்ப்பான் எப்படி உருவாகிறது என்று வகுப்பில் காட்டுவதற்குக் கோழி தேடிய சக மாணவர் ஒருவர் அந்தக் கோழிகளை வாங்கிப்போனார். ஊசி போட்டும் அவற்றில் பெரும்பாலானவை எதிர்ப்பானே உண்டாக்கவில்லை. பாடம் கெட்டது, 1956-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. எதிர்ப்பான் உண்டாக்கும் செல்களை இன்று பி செல் என்று அழைப்பதே அந்தப் பர்சாவின் முதலெழுத்தால்தான். இப்போது பாருங்கள், மனித உடம்பில் பர்சா கிடையாது. நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. அந்தச் செல் நமக்கும் உண்டு, அதே வேலையைச் செய்கிறது. அதை வளர்த்துவிடும் உறுப்பு மட்டும் வேறு. விலங்கு ஆய்வில் எது நம்மோடு ஒத்துப்போகும், எது போகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒத்துப்போகாத இடத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் பதிவாகியிருக்கிறது. 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதல்முறையாக மனிதருக்குக் கொடுத்தார்கள். டி செல்களை நேரடியாகத் தூண்டும் மருந்து அது. குரங்குகளில் எந்தக் கெடுதலும் தெரியவில்லை. குரங்குகள் தாங்கிய அளவில் 500-இல் ஒரு பங்குதான் ஆறு ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குப் போட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் கடும் தலைவலி, முதுகுவலி, நடுக்கம், பின்னர் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சையால் ஆறு பேரும் பிழைத்தார்கள். மருந்து பிடித்துக்கொள்ளும் புரதம் மனிதரின் ஒருவகை நினைவு டி செல்களில் இருக்கிறது, அந்தக் குரங்குகளின் அதே வகைச் செல்களில் இல்லை என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

ஆய்வகச் சுண்டெலிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அது வளரும் கூண்டு, படுக்கை, தண்ணீர் எல்லாமே சுத்திகரிக்கப்பட்டவை. ஒரு சாதாரணச் சளியைக்கூடச் சந்திக்காத வாழ்க்கை. 2016-இல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சுண்டெலிகளின் எதிர்ப்பு செல்களை மனிதரோடு ஒப்பிட்டார்கள். அவை வளர்ந்த மனிதரைவிடப் பச்சிளம் குழந்தையோடுதான் அதிகம் ஒத்துப்போயின. கடையில் விற்கும் வளர்ப்புச் சுண்டெலிகளோடு ஒரே கூண்டில் விட்டபோது சில இறந்துபோயின. தப்பியவற்றின் எதிர்ப்பு மண்டலம் வளர்ந்த மனிதருடையதைப் போல மாறியது. 2019-இல் இன்னொரு குழு, காட்டுச் சுண்டெலியின் வயிற்றில் பிறந்து அதன் நுண்ணுயிர்களையெல்லாம் பெற்ற ஆய்வகச் சுண்டெலிகளை உருவாக்கி, டிஜிஎன்1412 வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. சுத்தமான சுண்டெலி தாங்கியதை இவை தாங்கவில்லை. மனிதருக்கு நேர்ந்ததைப் போன்ற அழற்சிதான் இவற்றிலும் கிளம்பியது. எனக்கு இது மனதுக்கு ரொம்ப ஆறுதல் தந்த ஆய்வு. விலங்கை நன்றாகத் தேர்ந்தெடுத்தால் அது நம்மை முன்கூட்டியே எச்சரிக்கும் என்பதால்.

ஆகவே ‘எலிகளில் நிரூபிக்கப்பட்டது’ என்று பார்க்கும்போது இரண்டே கேள்வி போதும். முதலாவது, பலன் எந்த வழியாக வந்தது, அந்த வழி நம் உடம்பில் உண்டா? சீம்பால் இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. இரண்டாவது, அதே பொருளை, அதே அளவில், மனிதருக்குக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டு, அவர்கள் நோயில் விழுந்த எண்ணிக்கையைப் பார்த்தார்களா? ரத்தத்தில் ஏதோ ஒரு செல் கூடியது, ஒரு புரதம் ஏறியது என்பதெல்லாம் பதிலாகாது. எதிர்ப்புச் சக்தி கூடக்கூட நல்லது என்ற நினைப்பே தவறு. முடக்குவாதம், தைராய்டைத் தாக்கும் நோய், ஒவ்வாமை எல்லாம் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாத இடத்தில் வேலை செய்வதால் வருபவை.

இனி உங்கள் சளி. பெரியவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று சளி என்பது இயல்பான கணக்கு. ஒவ்வொன்றும் ஏழு முதல் பத்து நாள் நிற்பதும் இயல்புதான். சளி உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல், ஒன்றுக்குப் பெற்ற எதிர்ப்பு மற்றதைத் தடுக்காது. வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். உங்கள் எதிர்ப்பு மண்டலம் பழுதாகிவிட்டது என்பதற்கு நீங்கள் எழுதியதில் எந்த அடையாளமும் இல்லை.

செலவில்லாமல் ஒன்று செய்யலாம் என்றால் தூக்கத்தைப் பாருங்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் அளந்துவிட்டு, அவர்கள் மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. கவனியுங்கள், இது மனிதரிடமே செய்த ஆய்வு, எண்ணியது நோயை. கைகழுவுவதையும் விடாதீர்கள். ஃப்ளூ தடுப்பூசி சாதாரணச் சளியைத் தடுக்காது, ஆனால் சளி என்று நினைத்துப் படுக்கையில் கிடக்கும் அந்த மோசமான வாரங்களில் சிலவற்றைத் தவிர்க்கும்.

பவுடரை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பால் ஒவ்வாமை இருந்தால் தொடவே வேண்டாம். இல்லையென்றால் அது புரதம் நிறைந்த ஓர் உணவு, அந்த அளவில் சாப்பிட்டு முடியுங்கள், அடுத்த டப்பா வேண்டாம்.

இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள்: ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, தோலுக்கு அடியிலோ உள்ளுறுப்பிலோ திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, வாயில் ஆறாத வெள்ளைப் படை, ஊசி வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்தால்தான் தீரும் தொற்றுகள், காரணமில்லாத எடைக் குறைவு, குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே எதிர்ப்புக் குறைபாடு. அப்போது வெள்ளணுக்களின் வகைவாரி எண்ணிக்கை, சர்க்கரை, எச்ஐவி, ரத்தத்தில் எதிர்ப்பான் அளவு ஆகிய சோதனைகளைப் பற்றி அவரிடம் கேளுங்கள். உண்மையாகவே எதிர்ப்பான் குறைவாக இருப்பவர்களுக்குச் சிகிச்சை உண்டு. மனித ரத்ததானத்தில் இருந்து பிரித்த எதிர்ப்பானை ரத்தக்குழாய் வழியாகவோ தோலுக்கு அடியிலோ செலுத்துவார்கள். வாய் வழியாகக் கொடுப்பதில்லை.