கல்யாண மண்டபத்தில் வயர்லெஸ் வீடியோ டிரான்ஸ்மிட்டருக்கு என்ன செட்டிங் வைப்பது?

கேமரா மேல் மாட்டுகிற சின்ன எச்டிஎம்ஐ டிரான்ஸ்மிட்டர் வாங்கியிருக்கிறீர்கள். மண்டபத்து எல்இடி ஸ்க்ரீனுக்கு 4கே அனுப்புவதா 1080 அனுப்புவதா, ஃபிரேம் ரேட் என்ன, எந்த மோடு, படம் ஏன் நடுநடுவே கருப்பாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாண வீடியோ வேலையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன்: 1080பி, 25 அல்லது 50 ஃபிரேம், தடங்கல் குறைவாக ஓடும் மோடு. அவ்வளவு போதும்.

4கே எதற்கு வேண்டாம் என்பதை ஸ்க்ரீனை வைத்தே பார்க்கலாம். பி3 பேனல் என்றால் இரண்டு புள்ளிக்கு இடையே 3 மி.மீ. 12 அடி அகல ஸ்க்ரீனில் சுமார் 1,220 புள்ளி, 8 அடி உயரத்தில் சுமார் 810 புள்ளிதான் இருக்கும். 1080பி படத்தில் அகலத்துக்கே 1,920 புள்ளி. அதாவது 1080-ஐயே ஸ்க்ரீன் முழுதாகக் காட்டுவதில்லை, சுருக்கித்தான் காட்டுகிறது. கார்டில் 4கே-யில் தாராளமாகப் பதிவு செய்யுங்கள். வெளியே போகும் எச்டிஎம்ஐ-யை மட்டும் கேமரா மெனுவில் 1080பி என்று கட்டிப்போடுங்கள். ‘ஆட்டோ’வில் விடாதீர்கள்.

ஃபிரேம் ரேட் விஷயத்தில் நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வையுங்கள். கேமராவை பால் (PAL) முறைக்கு, அதாவது 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான வீடியோ முறைக்கு, மாற்றி 25-இலோ 50-இலோ எடுத்து, ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் மேடையின் சீரியல் லைட்டும் டியூப்லைட்டும் பெரும்பாலும் மினுக்காது. 60-இல் எடுத்தால் ஸ்க்ரீனில் பட்டை பட்டையாக ஓட வாய்ப்பு அதிகம். பல கேமராக்களில் 25-இல் பதிவு செய்தாலும் எச்டிஎம்ஐ வழியாக 50தான் வெளியே வரும். அது தவறில்லை. ஆனால் எல்லாக் கேமராவிலிருந்தும் ஒரே ஃபார்மேட் வரட்டும். பல கேமராப் படங்களில் ஒன்றைத் தேர்ந்து ஸ்க்ரீனுக்கு அனுப்பும் பெட்டிதான் ஸ்விட்சர். ஏடெம் மினி மாதிரி ஸ்விட்சர் வேறு ஃபார்மேட் வந்தாலும் தானே மாற்றிக்கொள்ளும்; சாதா ஸ்விட்சர்கள் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது.

கருப்பாவதற்குப் பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டர் காரணமாக இருக்காது. கேமராமேன் நடுவில் ஸ்லோ மோஷனுக்கு மாறினால் எச்டிஎம்ஐ ஃபார்மேட்டும் மாறலாம். ஸ்விட்சரும் ஸ்க்ரீனும் புது ஃபார்மேட்டைப் புரிந்துகொள்ளும் வரை சில வினாடி படம் போய்விடும். ஆகவே டிரான்ஸ்மிட்டர் மாட்டிய கேமராவை ஸ்லோ மோஷனுக்குத் தொடவே வேண்டாம், அதற்கு இன்னொரு கேமரா இருக்கட்டும். கேமரா மெனுவில் எச்டிஎம்ஐ தகவல் காட்டுவதையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி அளவும் ஃபோகஸ் கட்டமும் மணமக்கள் முகத்தின் மேல் பெரிதாகத் தெரியும். எடுத்ததைப் பார்க்கலாம் என்று பிளே பட்டனை அழுத்தினாலும் மண்டபமே சேர்ந்து பார்க்கும்.

இப்போது மோடு. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவாகப் படத் தரத்துக்கு ஒன்று, தடங்கலில்லாமல் ஓட ஒன்று இருக்கும். இரண்டாவதைத்தான் வைக்கச் சொல்வேன். காரணம் முகூர்த்த நேரம். சாப்பாட்டு நேரத்தில் காலி மண்டபத்தில் டெஸ்ட் செய்தால் எல்லா மோடும் அழகாக ஓடும். கெட்டிமேளம் கொட்டியதும் மொத்தக் கூட்டமும் எழுந்து அட்சதை போட முன்னே வரும். இந்த டிரான்ஸ்மிட்டர்கள் ஓடும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மனித உடம்பு நன்றாகவே உறிஞ்சிவிடும். அந்த ஒரு நிமிடம் திரும்ப வராது. படம் கொஞ்சம் மங்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், தாலி கட்டும்போது நின்றுபோனால் பெண்ணைப் பெற்றவர்கள் வாழ்நாளுக்கும் சொல்வார்கள்.

அதனால் செட்டிங்கோடு சேர்த்து ரிசீவரையும் கவனியுங்கள். ஸ்விட்சர் மேசையில் வைக்காமல், ஸ்டாண்டில் தலைகளுக்கு மேலே ஏழெட்டு அடி உயரத்தில், மேடை நேராகத் தெரியும் இடத்தில் வையுங்கள். அங்கிருந்து மேசைக்கு எஸ்டிஐ (SDI) என்ற வீடியோ கேபிள் இழுக்கலாம். ஆன்டெனா எல்லாம் செங்குத்தாக நிற்கட்டும். நுனியைக் கேமரா பக்கம் நீட்டக் கூடாது, நுனித் திசையில்தான் சிக்னல் ரொம்பக் குறைவு. சேனல் ஸ்கேனைக் கூட்டம் வந்த பிறகு ஒருமுறை செய்யுங்கள். காலையில் காலியாக இருந்த சேனலில் அப்புறம் மண்டபத்து வைஃபையும் போன் ஹாட்ஸ்பாட்டும் ஏறியிருக்கும்.

தாமதம் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தைச் சுருக்கி அனுப்பும் சின்ன செட்களில் 0.06 முதல் 0.1 வினாடி தாமதம் சகஜம். ஸ்விட்சரும் ஸ்க்ரீன் பிராசஸரும் இன்னும் ஒன்றிரண்டு ஃபிரேம் சேர்க்கும். தவில்காரர் கையை ஸ்க்ரீனில் பார்த்தால் இது உடனே தெரியும்: அடி காதில் விழுந்த பிறகுதான் கை இறங்கும். ஒலியும் 34 மீட்டர் போக 0.1 வினாடி எடுத்துக்கொள்வதால், ஸ்பீக்கர் மேடையோரம் மட்டும் இருந்தால் பின்வரிசையில் ஓரளவு சரியாகிவிடும். முன்வரிசைக்கு மேடையே எதிரில் இருக்கிறது, அவர்கள் ஸ்க்ரீனைப் பார்ப்பதில்லை. மண்டபத்துக்குள் இதற்கு மேல் அலட்டிக்கொள்ள வேண்டாம். யூடியூப் லைவ் போனால் மட்டும், ஆடியோ மிக்ஸரிலிருந்து வரும் ஒலிக்கு ஸ்விட்சரில் அதே அளவு டிலே கொடுங்கள். கேமரா முன் ஒருவரைக் கை தட்டச் சொல்லி, சத்தமும் கையும் ஒன்றாகும் வரை கூட்டினால் சரியான அளவு கிடைத்துவிடும்.