கெரட்டோகோனஸா, பெல்லூசிடா? லேசிக் செய்யலாமா?

லேசிக் (லேசரால் கருவிழியைச் செதுக்கிக் கண்ணாடிப் பவரைக் குறைக்கும் சிகிச்சை) வேண்டாம். ஒரு டாக்டர் கெரட்டோகோனஸ் என்றும் இன்னொருவர் பெல்லூசிட் என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே கருவிழி (கண்ணின் முன்னால் உள்ள தெளிவான படலம், கார்னியா) மெலிந்து புடைக்கும் நோய்கள். எதுவாக இருந்தாலும் மெலிந்த கருவிழியை இன்னும் செதுக்கினால் அது மேலும் புடைக்கும்.

உங்களுக்கு முப்பதைத் தாண்டியபின் சிலிண்டர் பவர் (கருவிழி சீராக வளையாததைச் சரிசெய்யும் கண்ணாடி எண்) ஏறுவதையும், வலியோ சிவப்போ இல்லாததையும் பார்த்தால் பெல்லூசிட் மார்ஜினல் டீஜெனரேஷனாக இருக்கலாம். இதில் கருவிழியின் கீழ் ஓரத்தில், கடிகார முகப்பாக நினைத்தால் ஏறக்குறைய 4 மணிக்கும் 8 மணிக்கும் நடுவே, பிறை போல ஒரு பட்டை மெலியும். புடைப்பு அந்தப் பட்டைக்கு மேலே இருக்கும். கெரட்டோகோனஸில் மெலிந்த இடமேதான் புடைக்கும்.

கண்ணாடிச் சீட்டை எடுத்து மைனஸ் சிலிண்டரின் ஆக்சிஸை (அதன் கோணத்தை) பாருங்கள். 90 டிகிரி பக்கமாக இருந்தால் பெல்லூசிட் என்ற சந்தேகம் வலுக்கிறது. அப்புறம் டோபோகிராபி (கருவிழியின் வளைவைக் காட்டும் ஸ்கேன்) படத்தில் நண்டுக் கொடுக்கு மாதிரி வளைவு தெரிகிறதா என்று கேளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், கெரட்டோகோனஸிலும் அது வரும். கீழ் ஓரம் வரை கருவிழித் தடிமனை அளந்த படமும், ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) டாக்டர் நேரில் பார்ப்பதும்தான் முடிவு சொல்லும்.

பார்வைக்குக் கண்ணாடி போதாவிட்டால் ஆர்ஜிபி (காற்று புகும் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ்) அல்லது ஸ்கிளீரல் லென்ஸ் (கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய லென்ஸ்). எனக்குக் கேட்டால் ஸ்கிளீரல். விலை அதிகம்தான், ஆனால் கீழ்ப்புடைப்பைத் தொடாமல் உட்காரும். நோய் முன்னேறுவது உறுதியானால் கிராஸ்லிங்க்கிங் (கருவிழியைக் கெட்டிப்படுத்தும் சிகிச்சை) பற்றிக் கேளுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள்.

திடீரென வலியோடு பார்வை மங்கிக் கருவிழி வெளுத்தால் உள்ளே நீர் கோத்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிவந்து, ஓரத்தில் புண் தெரிந்தால் அது வேறு நோய், அதற்கும் தாமதம் கூடாது.