பாறை நிலத்தில் செப்டிக் டேங்க் நீரை எங்கே விடுவது?

கேள்வி: பர்கூர் அருகே எங்கள் மேட்டு நிலத்தில் ஐந்து பேருக்கான வீடு கட்டுகிறோம். இரண்டடி செம்மண்ணுக்குக் கீழே பாறை வந்துவிடுகிறது. கம்ப்ரசர் வைத்துப் பாறையை உடைத்து, பத்தடி ஆழத்துக்கு உறை இறக்கி, செப்டிக் டேங்க் நீரை அதில் விட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. எங்கள் போர்வெல் 60 அடி தள்ளி இருக்கிறது. செய்யலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் நோய்க்கிருமிகள் நிறைந்தது. அவற்றைப் பிடித்து நிறுத்தி அழிப்பது காற்றோட்டமுள்ள மண்தான், பாறையன்று. மழைக்குப் பிறகு உங்கள் ஊர்ப் பழங்கிணறு ஒன்றை எட்டிப் பாருங்கள். மண்ணுக்குக் கீழே உள்ள பாறைச் சுவரில், விரல் நுழையாத விரிசல்களிலிருந்து ஊற்று கசிந்து வழியும். உறையில் விடும் கழிவுநீரும் அத்தகைய விரிசல்களின் வழியாகவே, வடிகட்டப்படாமல், உங்கள் போர்வெல்லையோ பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றையோ அடையக்கூடும். கழிவுநீரை மண்ணில் இறக்கும் இடம் குடிநீர்க் கிணற்றுக்கு 18 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்கிறது செப்டிக் டேங்குகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 2470. உங்கள் 60 அடி அந்தக் கணக்குக்குச் சரியாக இருந்தாலும், விரிசல் பாறையில் அத்தூரத்தை நான் நம்பமாட்டேன்.

கீழே இறங்க முடியாத நிலத்தில் மேலே எழும்ப வேண்டும். போர்வெல்லுக்குக் கீழ்ச்சரிவில், வீட்டிலிருந்து 20 அடிக்கு அப்பால், மேல்மண்ணை அகற்றாமல் கொத்திவிட்டு, இரண்டடி உயரத்துக்குக் கழுவிய பருமணலைப் பரப்பி, அதன்மேல் ஜல்லிப் படுகையும் துளையிட்ட குழாயும் அமைத்து, மண்ணால் மூடிப் புல் வளர்த்தால், பாறையை எட்டுமுன் நீர் நான்கடி வடிகட்டலைக் கடந்துவிடும். இப்படி எழுப்பும் மணல்மேடு சரிவுக்குக் குறுக்கே நீளவாக்கில் அமையட்டும். தொட்டியைவிட மேடு உயரமாக இருந்தால் சிறு மோட்டார் தேவைப்படும். கிரஷர் தூள் மலிவாகக் கிடைக்கிறதே என்று மணலுக்குப் பதிலாகக் கொட்டிவிடாதீர்கள். நுண்தூள் அடைத்துக்கொண்டு மேடு விரைவில் பயனற்றுப் போகும்.

அதற்குமுன் ஒரு சோதனை அவசியம். மேல்மண்ணில் சிறு குழி தோண்டி, நீர் விட்டு ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் மீண்டும் நீர் விட்டு அது 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 60 நிமிடத்துக்கு மேல் ஆனால் இந்த மேடும் சரிப்படாது. அப்படியானால், தொட்டியை அடுத்து, நீர் கீழிருந்து மேலேறும் ஜல்லி வடிகட்டி அறை கட்ட வேண்டும். அதிலிருந்து வரும் நீரிலும் கிருமிகள் இருக்கும் என்பதால், திறந்த வாய்க்காலிலோ கீரைப் பாத்தியிலோ விடாமல், அடியில் கசியாத படுகை அமைத்து, ஜல்லிக்குள்ளேயே கல்வாழை வேர்களுக்குப் பாய்ச்சுங்கள்.

தொட்டியின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போடாமல் விடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி விடக் கூடாது என்று உங்கள் மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லி, கட்டி முடித்ததும் நீர் நிரப்பி, ஒருநாள் மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே பார்த்த பிறகு இணைப்புக் கொடுங்கள்.