நினிவே கவிழவில்லையே?

கேள்வி: இன்னும் 40 நாளில் அசீரியரின் நினிவே நகரம் கவிழும் என்றார் யோனா தீர்க்கதரிசி. கவிழவில்லை. அப்படியானால் அவர் பொய்த் தீர்க்கதரிசிதானே? அழிவைச் சொல்லி மிரட்டுவதுதான் எபிரேயத் தீர்க்கதரிசிகளின் வேலையா?

பதில்: தீர்க்கதரிசியை நீங்கள் ஜோசியர் ஆக்கிவிட்டீர்கள். சொன்னது பலித்தால் ஜோசியருக்குப் பெருமை. தீர்க்கதரிசி சொன்னது பலிக்காமல் போனால்தான் ஊருக்கு வாழ்வு. அழிப்பதுதான் நோக்கம் என்றால் 40 நாள் தவணை எதற்கு? நினிவே மக்கள் அதற்குள் மனந்திரும்பினார்கள், ஊர் பிழைத்தது.

இது நானாகச் சொல்லும் வியாக்கியானம் அல்ல. 'இந்த ஆலயம் சீலோவைப் போலாகும்', அதாவது அந்தப் பழைய வழிபாட்டுத் தலத்தைப் போலவே பாழாகும் என்று எரேமியா தீர்க்கதரிசி எருசலேம் ஆலயப் பிராகாரத்தில் நின்று சொன்னபோது அவரைக் கொல்லத் துடித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சிலர் எழுந்து, ஏறக்குறைய 100 வருஷத்துக்கு முந்தைய சங்கதியை நினைவுபடுத்தினார்கள். சீயோன், அதாவது எருசலேம், வயலைப் போல உழப்படும் என்றார் மீகா தீர்க்கதரிசி. அப்போது யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜா அவரைக் கொன்றாரா? கர்த்தருக்குப் பயந்து கெஞ்சினார், கர்த்தரும் மனமிரங்கினார். சீயோன் அன்று உழப்படவில்லை. அதற்காக மீகாவைப் பொய்யர் என்று அந்தப் பெரியவர்கள் சொல்லவில்லை.

மிரட்டல் என்கிறீர்கள். ஆமோஸ் தீர்க்கதரிசி எதைக் கண்டு கொதித்தார் என்று பாருங்கள். ஒரு ஜோடி செருப்புக்கு ஏழையை விற்கிறார்கள். தானியம் அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கி, விலையாக வாங்கும் வெள்ளியை நிறுக்கும் கல்லைப் பெரிதாக்கி, கோதுமையில் பதரையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். அடகுக்கு வாங்கிய துணியை விரித்துப் பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே படுக்கிறார்கள். இதைக் கண்டும் கோபம் வராத கடவுள் எனக்கு வேண்டாம். மனந்திரும்புவதற்கு எபிரேயத்தில் 'ஷூவ்' என்று சொல். போன வழியை விட்டுத் திரும்பி வருவது. ஆமோஸின் ஊரில் அது அந்த எடைக்கல்லை மாற்றுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

எரேமியாவின் சுருள் எழுதப்பட்டதே ஒரு 'ஒருவேளை'யை நம்பித்தான்: யூதா வீட்டார் ஒருவேளை கேட்டுத் திரும்புவார்கள், நானும் மன்னிப்பேன் என்றார் கர்த்தர். கி.மு. 604 வாக்கில், குளிர்காலம். கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, யூதாவை ஆண்ட யோயாக்கீம் ராஜாவுக்கு அதை வாசித்தார்கள். மூன்று நாலு பத்தி வாசித்து முடிக்க முடிக்க, சூரிக்கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான். மூன்று பேர் கெஞ்சியும் நிறுத்தவில்லை. சுருள் முழுக்கச் சாம்பலானது.

தவணை அதோடு முடியவில்லை. எரேமியா இன்னொரு சுருளை எடுத்துக் கொடுத்து, எரிந்துபோன வார்த்தைகளையெல்லாம் மறுபடி சொன்னார். அவருடைய எழுத்தர் பாரூக் உட்கார்ந்து எழுதினார். எருசலேம் எரிய இன்னும் 17, 18 வருஷம் இருந்தது.