புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முன் தினமும் ஸ்கேன் எடுத்துப் பணம் வாங்குகிறார்கள். அது உண்மையிலேயே தேவையா?

வெளியூரிலிருந்து அப்பாவையோ அம்மாவையோ அழைத்து வந்து, பில்லைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்து இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே கேட்டேன், இன்னும் கடுமையாக.

அப்பாவுக்கு அப்போது 71 வயது, புராஸ்டேட் புற்றுநோய். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். எங்கள் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அந்தக் கதிர்வீச்சு. வாரம் 5 நாள், மொத்தம் 20 தடவை. மேசையில் படுக்க வைத்ததும் இயந்திரம் அவரைச் சுற்றி வந்து முதலில் ஒரு சி.டி. படம் எடுக்கும். சிகிச்சையைத் திட்டமிட்ட நாளில் எடுத்த படத்தோடு அதைப் பொருத்திப் பார்த்து, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திய பிறகுதான் கதிரைப் பாய்ச்சுவார்கள்.

ஒன்பதாம் நாள் படம் எடுத்ததோடு அவரை இறக்கிவிட்டார்கள். மலக்குடலில் வாயு சேர்ந்திருக்கிறது, கழிப்பறைக்குப் போய், கொஞ்சம் நடந்து, மறுபடியும் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்றார் டெக்னீஷியன், ஒரு பெண். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரமாக அடக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கால்கள் நடுங்கின. நான் கத்திவிட்டேன். அந்தப் பெண் பதில் பேசாமல் என்னை உள்ளே அழைத்துத் திரையைக் காட்டினார். இரண்டு படங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. அப்பாவின் தோலில் போட்டிருந்த அடையாளப் புள்ளிகள் அணுவும் பிசகவில்லை. உள்ளேதான் எல்லாம் மாறியிருந்தது: வீங்கிய மலக்குடல் புராஸ்டேட்டை முன்னே தள்ளியிருந்தது, கதிர் விழவேண்டிய கோட்டுக்குள் குடலின் சுவர் நுழைந்திருந்தது. படம் எடுக்காமல் விட்டிருந்தால் அன்றைய கதிரை அந்தச் சுவர் வாங்கியிருக்கும். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி படம் எடுத்து, சரிபார்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நான் மருத்துவன் இல்லை. மருத்துவமனைகளுக்கு ஆள் பிடிக்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அதனால்தான் பெயரே சொல்லவில்லை. எல்லாருக்கும் தினமும் படம் வேண்டும் என்றும் சொல்லவில்லை. எலும்பு வலி குறைய ஒரே தடவை கொடுக்கும் கதிர்வீச்சுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாமல் போகலாம். உங்களுக்கு ஏன் தேவை என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

பணத்தைவிட எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு மாத வாடகைக்கு அறை தேடினோம். கதிர்வீச்சு என்றதும், வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள் என்று மறுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. அன்று மாலையே பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டியும் கதவு திறக்கவில்லை. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம், 20 நாளும் பஸ்தான். மூன்றாம் வாரத்திலிருந்து அப்பாவுக்கு அரை மணிக்கு ஒருமுறை சிறுநீர் முட்டியது. கேட்ட இடத்திலெல்லாம் பஸ்ஸை நிறுத்தி, அவர் ஏறி உட்காரும்வரை காத்திருந்தார்கள் அந்த ஓட்டுநர்கள்.