உப்பு ஏறிய சுவருக்கு என்ன மருந்து?

கேள்வி: எங்கள் கல்லூரி வளாகத்தில் பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய பழைய கட்டடம் இருக்கிறது. நூலகமாக்க நினைத்துச் சிமெண்ட் பூசினோம். இரண்டே வருடத்தில் இடுப்பளவு உயரம் வரை பொருக்குவிட்டு உதிர்ந்துவிட்டது. மறுபடி பூசலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: சிமெண்ட் வேண்டவே வேண்டாம். பவளக்கல் முழுக்க நுண்துளை. தரையிலிருந்து ஈரம் ஏறும்போது உப்பும் கூடவே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. பூச்சுக்குப் பின்னாலேயே உப்பு படிகமாகிப் பருத்து, பூச்சைத் தள்ளுகிறது. கல்லின் முகமும் சேர்ந்து பெயர்கிறது.

சிமெண்டை உளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள். கல் இடுக்குகளை ஓர் அங்குலம் சுரண்டுங்கள். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். பிறகு நல்ல தண்ணீரில் ஊறிய காகிதக் கூழை அரை அங்குல கனத்தில் அப்பி, காய்ந்ததும் உரித்தெடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் மேலாக உள்ள உப்பு கூழோடு வந்துவிடும்.

பூச்சுக்கு, நீற்றிக் குறைந்தது 15 நாள் ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, ஆற்று மணல் 3 பங்கு. கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கூடாது. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசினால் வெடிக்கும். கடற்காற்று சீக்கிரம் உலர்த்திவிடும் என்பதால் ஒரு வாரமாவது ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும். எமல்ஷன் அடித்தால் சிமெண்ட் செய்த வேலையையே அதுவும் செய்யும்.

கல் பெயர்ந்த இடத்துக்குப் புதுப் பவளக்கல் தேடாதீர்கள். 2001 முதல் கற்பவளங்கள் (பவளப்பாறைகளை உருவாக்கும் பவள உயிர்கள்) வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பில் உள்ளன. அதே வளாகத்தில் இடிந்து கிடக்கும் பழைய கல்லையே எடுத்து வையுங்கள்.

கேள்வி: அந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது என்று தெரிந்துகொள்வதால் பயன் உண்டா?
– அதே வாசகர்

பதில்: நிச்சயம் உண்டு. கருவாட்டுக் கிட்டங்கியாக இருந்திருந்தால் தரையிலேயே உப்பு ஊறியிருக்கும். தரையைத் தோண்டி மாற்றாமல் சுவரை மட்டும் பூசினால் வீண். இந்தக் கரையில் கட்டடங்கள் பல வேலை பார்த்தவை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தங்கவைத்துச் சோதித்த மண்டபம் முகாமுக்குத்தான் 1949-இல் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் வந்தது. 1971-இல் அந்தத் தலைமையகம் கொச்சிக்குப் போனது.

கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் விவரப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவை வரைபடம்) பாருங்கள். சார்பதிவகத்தில் வில்லங்கம் போடுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் உருவானது 1910-இல். அதற்கு முந்தைய அரசுக் கோப்புகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மதுரை மாவட்டத் தலைப்பில் தேடுங்கள்.